ஆர் செய்முறைத் தேர்வில் வகைத் தரவு: எத்தனை பேருக்குள் எத்தனை?

ஆர் (R) என்ற நிரல் மொழியில் புள்ளியியல் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் ரிக்ரஷனுக்குத்தான் நேரம் ஒதுக்குகிறார்கள். பாலினம், வகுப்பு போல அளக்காமல் பிரிவாகக் குறிக்கும் வகைத் தரவைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுவார்கள். டேபிள் என்று ஒரு வரி அடித்தால் எண்ணிக்கை வந்துவிடுகிறதே என்ற தைரியம். ஆனால் கேள்வி எண்ணிக்கையோடு நிற்பதில்லை. ‘எந்தப் பிரிவில் அதிகம்?’ என்று கேட்பார்கள். அதற்குச் சதவீதம் வேண்டும். சதவீதம் என்றாலே எத்தனை பேருக்குள் எத்தனை என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பகுதி முழுவதையும் படித்தேன். நல்ல பலன் தந்தது.

பயிற்சிக்குத் தரவு தேடி அலைய வேண்டாம். ஆரிலேயே டைட்டானிக் தரவு இருக்கிறது. பயணிகள், கப்பல் ஊழியர்கள் எல்லாம் சேர்த்து 2201 பேர். வகுப்பு, பாலினம், வயது, பிழைத்தாரா இல்லையா என நான்கு பரிமாணங்கள். அப்படியே அச்சிட்டால் துண்டு துண்டாக வரும். எஃப்டேபிள் போட்டால் ஒரே அட்டவணையாக விரியும். வகுப்பையும் பிழைப்பையும் மட்டும் மார்ஜின்.டேபிள் கொண்டு பிரித்தெடுங்கள். முதல் வகுப்பில் 325 பேரில் 203 பேர் பிழைத்தார்கள். ஊழியர்களில் 885 பேரில் 212 பேர்.

இப்போது எண்ணிக்கையை விகிதமாக மாற்றும் ப்ராப்.டேபிளில் மார்ஜின் 1 கொடுத்தால் நிரைவாரியான விகிதம் வரும்: முதல் வகுப்பில் பிழைத்தவர்கள் 62.5 சதவீதம், ஊழியர்களில் 24 சதவீதம்தான். நான்கு பிரிவுகளில் ஊழியர்களுடையதுதான் மிகக் குறைவு. மார்ஜின் 2 கொடுத்துப் பாருங்கள். பிழைத்த 711 பேரில் ஊழியர்கள் ஏறக்குறைய 30 சதவீதம், முதல் வகுப்பு 28.6. பிழைத்தவர்களில் பெரிய கூட்டமே ஊழியர்கள்தான்! இரண்டும் சரியான எண்கள், இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள். ‘ஊழியர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள்’ என்பதற்கு முதலாவது. ‘பிழைத்தவர்களில் ஊழியர்கள் எத்தனை பேர்’ என்பதற்கு இரண்டாவது. வினாத்தாளில் ‘இல்’ என்ற உருபு எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்து அடிக்கோடிடுங்கள். மார்ஜினே கொடுக்காவிட்டால் மொத்தம் 2201 பேருக்குள் விகிதம் வரும். விடை வந்ததும் எந்தத் திசையில் கூட்டினால் 1 வருகிறது என்று ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

எத்தனை பேருக்குள் என்பது மாதிரியே மொத்த எண்ணிக்கையும் சத்தமில்லாமல் மாறும். ஃபேக்டர், அதாவது ஆரில் வகைத் தரவு வைக்கும் மாறி, உருவாக்கும்போது நாம் தரும் லெவல்ஸ் (வகைகளின் பெயர்கள்) பட்டியலில் ஓர் எழுத்து பிசகினாலும், பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி கூடினாலும், அந்தப் பதில்கள் எல்லாம் என்ஏ (NA, விடுபட்ட மதிப்பு) ஆகிவிடும். எச்சரிக்கை வராது. டேபிள் வழக்கமாக என்ஏக்களை எண்ணாமல் விட்டுவிடும் என்பதால் அவர்கள் அட்டவணையிலிருந்தே காணாமல் போவார்கள். அதனால் டேபிளில் யூஸ்என்ஏ என்ற இடத்தில் இஃப்எனி என்று கொடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். லெவல்களை நாம் சொல்லாவிட்டால் ஆர் அகரவரிசையில் அடுக்கும்; குறைவு, நடுத்தரம், அதிகம் போன்றவற்றுக்கு வரிசையை நாமே எழுதுவதுதான் சரி. அப்புறம், பழைய பாடக்குறிப்பு வைத்துப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: 2020இல் வந்த 4.0.0 பதிப்பிலிருந்து, கோப்பிலிருந்து படித்த எழுத்துத் தரவு தானாக ஃபேக்டர் ஆவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த தரவு பெர்க்லி சேர்க்கை. இதுவும் ஆரில் உண்டு. 1973இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆறு பெரிய துறைகளின் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்களின் விவரம். மொத்தமாகப் பார்த்தால் ஆண்களில் 44.5 சதவீதம் பேருக்கும் பெண்களில் 30.4 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. துறைவாரியாகப் பிரித்தால் ஆறில் நான்கு துறைகளில் பெண்களின் விகிதமே அதிகம். ஏ துறையில் பெண்களுக்கு 82, ஆண்களுக்கு 62. எப்படி? ஆண்களில் பாதிக்கும் மேல், 2691இல் 1385 பேர், இடம் எளிதாகக் கிடைத்த ஏ, பி துறைகளுக்கு விண்ணப்பித்தார்கள். பெண்களில் 1835இல் 133 பேர்தான் அங்கே போனார்கள். மற்றவர்கள் போட்டி கடுமையான துறைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிம்சன் முரண் என்று பாடத்தில் வருவது இதுதான். ஆரில் இதைக் காட்ட, மார்ஜினில் 2, 3 இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்: ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு பாலினத்துக்குள்ளும் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று அது பிரித்துத் தரும். மூன்றாவது மாறி வினாவில் இருந்தால், கேட்காவிட்டாலும் இப்படிப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இரண்டு வகை மாறிகளுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை வர்க்கச் (chi-square) சோதனையில் சில விஷயங்கள். அதற்கு எண்ணிக்கை அட்டவணையைத்தான் கொடுக்க வேண்டும். சதவீதத்தைக் கொடுத்தாலும் ஆர் ஒரு விடை தரும், ஆனால் மாதிரியின் அளவே தொலைந்துபோயிருக்கும். தோராயம் தவறாக இருக்கலாம் என்று எச்சரிக்கை வந்தால் எக்ஸ்பெக்டட் மதிப்புகளை (தொடர்பே இல்லையென்றால் எதிர்பார்க்கும் எண்ணிக்கைகளை) எடுத்துப் பாருங்கள், எங்கோ 5க்குக் கீழே இருக்கும். சிறிய அட்டவணைக்கு ஃபிஷர் சோதனை போகலாம். இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் ஆர் தானாகவே யேட்ஸ் திருத்தம் சேர்க்கும் என்பதால் கையால் போட்ட கணக்கோடு பொருந்தாது. பொருந்த வேண்டுமானால் கரெக்ட் என்பதற்கு ஃபால்ஸ் கொடுங்கள். எதைப் பயன்படுத்தினீர்கள் என்று விடைத்தாளில் ஒரு வரி எழுதுங்கள்.