அப்பாவின் இன்சுலினும் முதல் வரிசை இருக்கையும்

"உள்ளே இன்சுலின் இருக்கு" என்று மூன்று தடவை சொன்னேன். கேட்டில் நின்ற ஊழியர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அப்பாவின் கேபின் பையில் டேக்கைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஃப்ளைட் ஃபுல், மேலே இடமில்லை, சக்கரம் வைத்த பையெல்லாம் கீழே போகும், சென்னையில் பெல்ட்டில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இந்தியில் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். "விடும்மா, மூணு மணி நேரம்தானே" என்றார் அப்பா.

அப்போதுதான் பவர் பேங்க் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னதும் அவர் கை அப்படியே நின்றது. பையை அவரே படுக்கப் போட்டு, "மேடம், முதலில் அதை எடுங்கள்" என்றார். பவர் பேங்கோடு அப்பாவின் மருந்துப் பையையும் சேர்த்து உருவிக்கொண்டேன்.

எழுபத்து நான்கு வயது மனிதரின் மருந்துக்கு நிற்காத கை, ஒரு பேட்டரிக்கு நின்றது. அந்த ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை. பேட்டரி விதி தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவில் பூசான் அருகே புறப்படத் தயாராக நின்ற விமானம் ஒன்று தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பித்தார்கள். மேலே லக்கேஜ் பெட்டியில் யாரோ வைத்திருந்த பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். விமானத்துக்குள் புகை வந்தால் ஆட்கள் பார்த்து அணைக்கலாம், கீழே சரக்கு அறையில் யார் பார்ப்பது? அதனால்தான் பவர் பேங்க் கீழே போகவே கூடாது. ஆனால் டேக் கட்டும் முன் அவர்தான் அதைக் கேட்டிருக்க வேண்டும், நானாகச் சொல்லும்படி விட்டிருக்கக் கூடாது. இன்சுலினும் அப்படித்தான். கீழே குளிரில் உறைந்துவிட்டால், பிறகு இளகினாலும் அதைப் போடக்கூடாது. மருந்துக் கடையில் வேலை செய்யும் சின்னப் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

தீபாவளிக்குத் தில்லி வந்த அப்பாவை ஜனவரி முதல் வாரத்தில் சென்னை வழியாக ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பக் கூட்டிப்போன பயணம் இது. டிக்கெட், வெப் செக்-இன், மயூர் விஹாரிலிருந்து விடியற்காலை டாக்ஸி எதிலும் சிக்கலில்லை. மூடுபனியில் டிரைவர் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டியும் டெர்மினல் 3-க்கு நேரத்தோடு போய்விட்டோம்.

முதல் தடுமாற்றம் செக்யூரிட்டியில். பெண்களுக்குத் தனி வரிசை என்பதால் வயதானவரோடு போகும் மகள் அங்கே பிரிந்துதான் ஆக வேண்டும். தில்லிக் குளிருக்கு அப்பா ஸ்வெட்டர், அதன் மேல் கோட்டு, மஃப்ளர் என்று அடுக்கியிருந்தார். போன், பர்ஸ், வாட்ச், பெல்ட், வீட்டுச் சாவி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரே ட்ரேயில் போட்டார். நான் சோதனை முடிந்து திரை விலக்கி வந்தபோது அவர் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி கோட்டுப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். பர்ஸ் ட்ரேயிலேயே போய்விட்டது. உள்ளே ஆதார் கார்டு. நல்லவேளை, காலி ட்ரேக்களை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் "பாபுஜி, பாபுஜி" என்று ஓடிவந்து கொடுத்தார். அவருக்கு ஒரு கும்பிடு. இப்போதெல்லாம் வரிசையில் நிற்கும் முன்பே பர்ஸ், சாவி, வாட்ச் எல்லாவற்றையும் கோட்டின் உள்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுகிறோம். ட்ரேயில் கோட்டு ஒன்று, போன் ஒன்று, அவ்வளவுதான். எடுக்கும்போது எண்ணுவதும் சுலபம்.

எட்டு மணிக்கு அப்பா ஊசி போட்டுக்கொண்டு இரண்டு இட்லி சாப்பிட்டார். அவருக்குக் காலையும் இரவும் போடும் கலப்பு இன்சுலின். அதைப் போட்டால் பதினொரு மணிக்கு எதையாவது கொறிக்க வேண்டும், மதியச் சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் குளுக்கோஸ் பிஸ்கெட், குளுக்கோமீட்டர், இரண்டு இன்சுலின் பேனா, ஊசிகள், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் ஒரே மருந்துப் பையில் போட்டிருந்தேன். அந்தப் பையைத்தான் கேட்டில் காப்பாற்றிக் கொண்டுபோனேன். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில்தான் விமானத்துக்குள் நுழைந்தேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. காலை நீட்டட்டும் என்று கூடுதல் பணம் கட்டி முதல் வரிசை வாங்கியிருந்தேன். உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. முன்னால் சீட் இல்லையென்றால் சீட்டுக்கு அடியில் பை வைக்கவும் இடம் கிடையாது. புறப்படும்போதும் இறங்கும்போதும் காலடியிலும் மடியிலும் எதுவும் இருக்கக்கூடாது, எல்லாம் மேலே போக வேண்டும் என்றார் பணிப்பெண். எங்கள் தலைக்கு நேர் மேலே இருந்த பெட்டியில் விமானத்தின் அவசரகாலச் சாமான்கள். மருந்துப் பை ஐந்தாவது வரிசைக்கு மேலே போனது. உள்ளே ஹீட்டர் போட்டிருந்ததால் கழற்றிய கோட்டும் அதோடு போனது. அதன் பையில்தான் இருமலுக்கு வைத்திருந்த மிட்டாய். சீட் புக் செய்யும் பக்கத்தில் 'கூடுதல் கால் இடம்' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். பை வைக்க இடமில்லை என்பது என் கண்ணில் படவே இல்லை.

பத்தே முக்காலுக்குக் கதவை மூடினார்கள். மூடுபனியால் முன்னால் வரிசையாக விமானங்கள். ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. சீட் பெல்ட் விளக்கு அணையவே இல்லை. பதினொன்றரை இருக்கும், அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். தூங்குகிறார் என்று நினைத்தேன். கையைத் தொட்டால் சில்லென்று ஈரம். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. வெளியே தில்லி ஜனவரி. போர்டிங் பாஸைப் பிடித்திருந்த அவர் விரல்கள் அந்தக் காகிதமே படபடக்கும் அளவுக்கு நடுங்கின. "அப்பா, என்ன பண்ணுது?" என்றால், "ஒண்ணுமில்ல கண்ணு" என்று குழறினார்.

பிஸ்கெட் நான்கு வரிசை பின்னால் இருக்கிறது. என் வலது கையை நீட்டினால் எட்டாது, எழுந்தால் உட்காரச் சொல்வார்கள். மணியை அழுத்திவிட்டு, எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பணிப்பெண்ணிடம் "லோ சுகர், டயபெடிக்" என்று கத்தினேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மூன்று சர்க்கரைப் பொட்டலங்களைத் தண்ணீரில் கலக்கிக் கொண்டுவந்து, அப்பா கையைப் பிடித்துக் குடிக்க வைத்தார். பதினைந்து கிராம் சர்க்கரை, பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி சோதனை என்று அப்பாவின் டாக்டர் சொல்லியிருந்தார். சோதிக்க மீட்டர் கையில் இல்லையே. பணிப்பெண்ணே பையை எடுத்துத் தந்த பிறகு பார்த்தபோது 78. அதற்கு முன் எவ்வளவு இறங்கியிருந்தது என்று இன்றுவரை தெரியாது. அப்பா பிஸ்கெட்டைக் கடித்துக்கொண்டே, "பாட்டியோட சுருக்குப்பை மாதிரி ஒண்ணு இருந்திருந்தா இந்தப் பாடு இல்ல பாரு" என்றார்.

அந்தச் சொல் மனதில் தைத்துவிட்டது. பாட்டி கும்பகோணத்துக்குப் பஸ்ஸில் போனாலும் வெற்றிலை, சில்லறை, தலைவலித் தைலம் எல்லாம் இடுப்பில்தான் இருக்கும். அதை யாரும் வாங்கி மேலே வைக்க முடியாது. நான் என் வசதிக்காக எல்லாவற்றையும் ஒரே பையில் அழகாக அடுக்கியதுதான் தப்பு. அந்தப் பை நகர்ந்தால் எல்லாமே நகர்ந்துவிடுகிறது.

தில்லி திரும்பியதும் முதல் வேலையாக மார்க்கெட் டெய்லரிடம் என் இரண்டு குர்த்தாக்களுக்கு ஆழமான ஜிப் பை வைத்துத் தைக்கச் சொன்னேன். பெண்கள் துணிக்குப் பை வைக்க ஏன் இத்தனை தயக்கம் என்று தெரியவில்லை, அவர் இரண்டு தடவை "நிஜமாகவா?" என்று கேட்டார். மே மாதம் அப்பாவை மறுபடி அழைத்துவந்தபோது குளுக்கோஸ் பிஸ்கெட் அவர் சட்டைப் பையில், மிட்டாய் பேன்ட் பையில், மீட்டரும் ஒரு பேனாவும் என் குர்த்தாவில். இன்னொரு பேனா என் தோள் பையில். மருந்துச் சீட்டின் நகல் ஒன்று பேனாவோடேயே சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். போனில் படம் இருந்தாலும் போன் ட்ரேயில் போயிருக்கும் நேரத்தில்தான் அதைக் கேட்பார்கள். இருக்கை மூன்றாவது வரிசையில், நடை ஓரம். கால் கொஞ்சம் மடங்கியது, ஆனால் பை காலடியில் இருந்தது.

பவர் பேங்கைப் பற்றி ஒன்று: அதன் மேல் திறனைச் சொல்லும் எழுத்து அழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். 100 வாட்-அவருக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-அவர்தான். ஆனால் படிக்க முடியாவிட்டால் செக்யூரிட்டியில் வாதாடிப் பயனில்லை. அதையும் மேலே வைக்காமல் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். முன்னால் இருக்கும் வலைப் பையில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். ஜனவரியில் அப்பாவின் மூக்குக் கண்ணாடி சென்னையில் அதில்தான் தங்கிவிட்டது, திரும்பக் கிடைக்கவில்லை.

கேட்டில் பறிகொடுத்த பை பெல்ட்டில் வர முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளே தில்லி மலை மந்திர் கோயில் விபூதிப் பொட்டலம் பிரிந்து வேட்டியெல்லாம் வெள்ளை. அந்த விமான நிறுவனத்துக்கு மெயில் எழுதினேன். பணம் எதுவும் கேட்கவில்லை. டேக் கட்டும் முன் "உள்ளே மருந்தோ பேட்டரியோ இருக்கிறதா?" என்று உங்கள் ஊழியர் கேட்க வேண்டும் என்று மட்டும் எழுதினேன். வருத்தம் தெரிவித்து ஒரு பதில் வந்தது, அதில் இந்தக் கேள்வியைப் பற்றி ஒரு வரி இல்லை. மே மாதக் கேட்டிலும் யாரும் கேட்கவில்லை. மறுபடி எழுதியிருக்கிறேன்.