தூக்க சார்ட்

ராத்திரி எட்டு மணிக்கு டியூட்டி மாறும்போது நாங்கள் முதலில் எண்ணுவது ஆட்களை. அப்புறம் கத்தரிக்கோல், தெர்மாமீட்டர், சாப்பாட்டுத் தட்டோடு திரும்பி வந்த ஸ்பூன்கள். கடைசியாகச் சாவி. பகல் டியூட்டி சிஸ்டர் சாவிக்கொத்தை என் கையில் வைத்து, "முப்பத்தொண்ணு, எல்லாரும் இருக்காங்க" என்று சொன்ன பிறகுதான் வார்டு என் பொறுப்பு. மனநல மருத்துவமனையின் பெண்கள் வார்டில் பதினொரு வருஷமாக என் இரவுகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

என்ன வேலை என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "பயமா இருக்காதா? அடிச்சிட மாட்டாங்களா?" அடி வாங்கியிருக்கிறேன், இரண்டு தடவை. இங்கே வருவதற்கு முன்னால் ஒரு பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒன்றரை வருஷம் இருந்தேன். அங்கே குடித்துவிட்டு வந்தவர்களிடமும் அவர்களுடைய கூட்டாளிகளிடமும் வாங்கியது இதைவிட அதிகம். ஆனாலும் யாரும் அந்த வேலையைப் பற்றி இப்படிக் கேட்டதில்லை. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோமே, அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் இது. 1794-ல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை அங்கே நோயாளிகளைக் கவனித்து வருகிறது என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

என் வேலையில் பெரும்பகுதி பார்ப்பது. அதை எழுதி வைக்க ஒரு தாள் இருக்கிறது, தூக்க சார்ட் என்போம். இடப்பக்கம் பெயர்கள், மேலே ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு வரை கட்டங்கள். மணிக்கொரு தடவை டார்ச்சோடு நடந்து, தூங்குகிறவருக்கு ஒரு டிக், விழித்திருப்பவருக்கு ஒரு வட்டம். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் முதலில் கை நீட்டுவது அதற்குத்தான். மேனியா, அதாவது மனசு கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடும் நிலை, ஏறப்போகிறது என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் தூக்கம் குறையும். மருந்து பிடிக்கத் தொடங்கினால் முதலில் திரும்பி வருவதும் பெரும்பாலும் தூக்கம்தான். பேச்சு, நடை, சந்தேகம் எல்லாம் அதற்குப் பின்னால் மெதுவாக வரும்.

முதல் வருஷத்தில் இந்தத் தாளில் நான் ஒரு தப்புச் செய்தேன். ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா, டீச்சராக இருந்தவர். மேனியாவும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறு, அதற்கு லித்தியம் மருந்து போய்க்கொண்டிருந்தது. நான் வரும்போதெல்லாம் கண்ணை மூடி நேராகப் படுத்திருப்பார். நானும் டிக் டிக் என்று போட்டுக்கொண்டே போனேன். மூன்று ராத்திரி முழுக்க டிக். அதை நம்பி டாக்டர் இரவு மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார். மறுநாள் மத்தியானமே அவருக்கு நோய் முழு வேகத்தில் ஏறிவிட்டது. அடங்கியபின் சொன்னார்: "சிஸ்டர், நீங்க வர்ற சத்தம் கேட்டா கண்ணை மூடிக்குவேன். முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா ஊசி போட்டுருவீங்கன்னு பயம்." அதற்கு மேல் இரண்டு வாரம் வார்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டு வாரத்துக்குள் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்து முடிந்துவிட்டது.

அன்றைக்கு என் இன்சார்ஜ் சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. ராத்திரி என்னோடு ஒரு சுற்று நடந்தார். டார்ச் முகப்பில் கைக்குட்டையைச் சுற்றி, வெளிச்சத்தைத் தரையில் விட்டு, "முகத்தைப் பார்க்காதே, கால் விரலைப் பாரு" என்றார். பார்த்தேன். தூங்குவதுபோல் படுத்திருப்பவர் கண்ணை அசையாமல் வைத்துக்கொள்வார், ஆனால் கட்டை விரல் பக்கத்து விரலோடு உரசிக்கொண்டே இருக்கும். உண்மையில் தூங்குகிறவரின் பாதம் இரண்டு பக்கமும் சாய்ந்து தளர்ந்து கிடக்கும். அப்புறம் மூச்சு. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இருபது மூச்சு எண்ணிப் பார். எண்ணிவிட்டுத்தான் டிக் போடு. அன்றிலிருந்து முப்பது கட்டிலைச் சுற்றிவர எனக்கு அரைமணிக்கு மேல் ஆகிறது. ஆகட்டும்.

சாவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, விடிவதற்கு முன்னால், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நான் அப்போது ஏழாம் வகுப்பு. பேப்பரில் வந்த படத்தை எங்கள் அப்பா மடித்து ஒளித்து வைத்தார், நான் எடுத்துப் பார்த்துவிட்டேன். 2018-ல் அமலுக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியை முற்றாகத் தடை செய்திருக்கிறது. எங்கள் வார்டில் சங்கிலி இல்லை. ஆனால் பூட்டிய கதவு இருக்கிறது. அதனால் சாவியை மேஜை மேல் வைக்க மாட்டேன், ஆணியில் மாட்ட மாட்டேன். யூனிஃபார்ம் பாக்கெட்டில் ஊக்குப் போட்டு வைத்திருப்பேன். பாத்ரூம் போனாலும் கூடவே வரும்.

இனி ஒரு பெண்ணைப் பற்றி. அவருடைய ஊரையும் வயதையும் இன்னும் சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். ஐந்து ராத்திரியாகத் தூங்கவில்லை. மணிக்கட்டில் மூன்று கயிறு, நெற்றியில் திருநீறு. மாமியார் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "பச்சை உடம்போட மொட்டை மாடிக்குப் போனா, அங்கதான் பிடிச்சிருச்சு." அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரிந்த இடத்துக்கெல்லாம் அலைந்துவிட்டு, தெரியாத இடத்துக்கும் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். பெண்ணோ, "என் பிள்ளையை ஆஸ்பத்திரியிலேயே மாத்திட்டாங்க. இது என் பிள்ளை இல்ல" என்று ஒரே வேகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய் இது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், திடுதிப்பென்று. காய்ச்சல் இருக்கிறதா, கிருமித் தொற்றா, தைராய்டா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மனநல மருத்துவரும் இன்னொரு டாக்டரும் தனித்தனியாகப் பார்த்து எழுதிய பிறகுதான் அட்மிஷன், அதுவும் அதிகபட்சம் 30 நாள். சட்டம் அப்படி.

நகைகளைக் கழற்றி வீட்டாரிடம் கொடுப்பது வழக்கம். கண்ணாடி வளையலை மாமியார் வாங்கிக்கொண்டார். தாலிக்கு வந்தபோது பெண் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். மஞ்சள் கயிறு, புதுசு. கயிறு எதுவானாலும் எங்கள் வார்டில் ஆபத்து. அது எங்களுக்குப் பாடமாகவே சொல்லித்தரப்பட்டது. ஆனால் எல்லாவற்றையும் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நம்புகிற ஒருத்தியிடம் அதையும் பிடுங்குவதா? இன்சார்ஜ் சிஸ்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது கழுத்திலேயே இருக்கட்டும். ஆனா பக்கத்துல ஒரு ஆள் இருந்துக்கிட்டே இருக்கணும்" என்றார். இரண்டு நர்ஸ், ஒரு ஆயாம்மா இருக்கும் வார்டில் ஒரு ஆளை ஒரே கட்டிலுக்கு ஒதுக்குவது லேசான காரியம் இல்லை. ஆயாம்மாவும் நானும் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம்.

முதல் ராத்திரி சார்ட்டில் எல்லாம் வட்டம். ஊசி போட்டும் நாற்பது நிமிஷம்தான் கண்ணயர்ந்தார்.

மூன்று மணி இருக்கும். எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவரின் நைட்டி மார்புப் பக்கம் நனைந்திருந்தது. பால். அவருக்கு அது தெரியவே இல்லை. தொட்டுப் பார்த்தேன், இரண்டு பக்கமும் கல்லுமாதிரி கட்டியிருந்தது. வலி இருந்திருக்கும், ஆனால் மனசு இருந்த ஓட்டத்தில் அது அவருக்கு எட்டவில்லை. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தேன். "உங்க கையை என் கை மேல வச்சுக்கோங்க" என்று சொல்லி, வட்டமாக நீவி, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிண்ணத்தில் எடுத்தோம். அந்த வேலை நடந்த இருபது நிமிஷமும் அவர் பேசவில்லை. அன்று அவர் பேச்சு நின்றது அப்போது மட்டும்தான். கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்: "அது யார் பெத்த பிள்ளையோ சிஸ்டர். ஆனா அதுக்கும் பசிக்கும்ல?"

சார்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை. பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்.

நான்கு நாள் மருந்திலும் பெரிய மாற்றம் இல்லை. சாப்பாட்டை மறுத்தார், தண்ணீரைக்கூடச் சந்தேகப்பட்டார். மின்சிகிச்சை கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் கணவர் முகம் வெளுத்துப்போனது. அவர் சினிமாவில் பார்த்தது மட்டும்தான் அவருக்குத் தெரியும். டாக்டர் சொன்னதை நான் மறுபடி உட்கார்ந்து சொன்னேன். முதலில் மயக்க மருந்து. அப்புறம் தசையைத் தளர்த்தும் மருந்து. இந்த இரண்டும் இல்லாமல் கொடுப்பதைச் சட்டமே தடை செய்திருக்கிறது. பல்லுக்கு நடுவில் ரப்பர், முகத்தில் ஆக்சிஜன். மின்சாரம் சில நொடிதான். அதனால் மூளைக்குள் வரும் வலிப்புதான் சிகிச்சை, அது அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம். உடம்பு துள்ளாது. தளர்வு மருந்து போடும் முன் ஒரு கணுக்காலில் பி.பி. பார்க்கும் பட்டையைக் கட்டி இறுக்கிவிடுவோம். மருந்து அந்தப் பாதத்துக்குப் போகாது. வலிப்பு வருவதும் நிற்பதும் அந்தக் கால் விரல்களில்தான் கண்ணுக்குத் தெரியும்.

முதல் தடவை பாதத்துக்குப் பக்கத்தில் நான்தான் நின்றேன். விரல்கள் துடித்து, மெதுவாகி, நின்றன. நாற்பத்தொரு நொடி. பத்து நிமிஷத்தில் கண் திறந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். சந்தேகப்படாமல் குடித்தார்.

அன்று காலை நடந்தது பிறகு அவருக்கு ஞாபகம் இல்லை. சில நாள் மறதி இருக்கும் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம். அதை மறைத்துச் சிகிச்சைக்குச் சம்மதம் வாங்கக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள், மொத்தம் ஆறு தடவை. மூன்றாவதுக்குப் பிறகு சார்ட்டில் நான்கு டிக் வரிசையாக விழுந்தது. மூச்சையும் விரலையும் இரண்டு தடவை பார்த்துவிட்டே போட்டேன்.

மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால், தாய் மருத்துவமனையில் இருக்கும்போது சாதாரணமாக இருவரையும் பிரிக்கக் கூடாது என்கிறது அதே சட்டம். பிரித்தே ஆக வேண்டும் என்றால் 15 நாளுக்கு ஒருமுறை அந்த முடிவை மறுபடி பரிசீலிக்க வேண்டும். நல்ல சட்டம்தான், ஆனால் தொட்டிலுக்கு இடம் வேண்டுமே. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாய்க்கும் சேய்க்கும் சேர்த்து ஒரு வார்டே 2009-லிருந்து நடக்கிறது. அதைப்போல ஒன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் வராதா என்று எனக்கு ஏக்கம் உண்டு. எங்களிடம் இருந்தது ஸ்டோர் ரூம். பீரோவை நகர்த்தி, மெழுகித் துடைத்து, இரண்டு கட்டில் போட்டோம். எந்த மருந்தோடு பால் கொடுக்கலாம் என்று டாக்டர்கள் பேசி முடிவெடுத்த பிறகு பத்தாம் நாள் மாமியார் குழந்தையோடு வந்தார்.

சாயங்காலம் ஆறு மணி. வார்டு டி.வி.யில் சீரியல் ஓடும் நேரம். உள்ளேயிருந்து குழந்தை அழுதது. டி.வி. சத்தத்தை யாரோ குறைத்தார்கள். குறைக்கும்படி நான் சொல்லவில்லை. ஆறு வருஷமாக வீட்டிலிருந்து யாரும் வராத ஒரு பாட்டி, எப்போதும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர், எழுந்து வந்து கதவோரம் நின்றார். "தலை நிக்கலையே இன்னும், கழுத்துக்குக் கை கொடு" என்றார், யாரிடம் என்று இல்லாமல். பெண் கை கொடுத்தார்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுததால் விழித்தார். பால் கொடுத்துவிட்டுத் தூங்கினார். அந்த வட்டத்தைப் போடும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிள்ளை பெற்றவள் எல்லாரும் விழிக்கிற மாதிரி விழித்தார், அவ்வளவுதான்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பிரசவமான பெண் குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியாமல் இரண்டு மூன்று நாள் தவித்தால், சம்பந்தமில்லாத பயமும் சந்தேகமுமாகப் பேசினால், தயவுசெய்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கயிறு கட்ட வேண்டுமென்றால் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், காசில்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

நான்கு மாதம் கழித்து மருந்து வாங்க ஓ.பி.க்கு வந்தவர், என்னைத் தேடி வார்டு வாசல் வரை வந்தார். குழந்தைக்குத் தலை நின்றுவிட்டது. காதில் சின்னக் கம்மல். அடுத்த பிரசவத்திலும் இது வர வாய்ப்பு அதிகம், கர்ப்பம் என்று தெரிந்ததுமே வரவேண்டும் என்று டாக்டர் சொன்னாராம், கணவர் டைரியில் எழுதி வைத்திருக்கிறாராம். கணவர் கொஞ்சம் தள்ளி நிற்பதைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல சிஸ்டர். பிள்ளையைப் பத்தி நான் என்னவெல்லாம் பேசினேன்? இவங்க யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

"உங்க பிள்ளை இல்லைன்னு சொன்னீங்க" என்றேன். "ராத்திரி மூணு மணிக்கு, அதுக்கும் பசிக்கும்லன்னு கேட்டீங்க."

குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "கேட்டேனா?"

"கேட்டீங்க. எழுதி வச்சிருக்கேன்."