ஒரு பள்ளிக்கு ஒரு நூலகர்

கணக்கு ஆசிரியருக்கு ஒரு சந்தேகம் வந்தால் கேட்க அதே பள்ளியில் இன்னும் நாலு கணக்கு ஆசிரியர்கள் இருப்பார்கள். நூலகருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. பெரும்பாலான பன்னாட்டுப் பள்ளிகளில் நூலகர் ஒருவர்தான். பார்கோடு ஒட்டவும் புத்தகம் அடுக்கவும் ஓர் உதவியாளர் இருந்தால் அதிர்ஷ்டம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்கும் நாவலைக் கொடுக்கலாமா, யாரும் தொடாத கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கழித்துவிடலாமா, வரும் ஆண்டு பட்ஜெட்டில் மின்னூலுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று எல்லாவற்றையும் தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். முதல்வரிடம் போனால், "உங்களுக்குத் தெரியாததா? நீங்களே பார்த்துச் செய்யுங்கள்" என்பார். மரியாதையாகத்தான் சொல்வார். ஆனால் கொண்டு போன கேள்வி அப்படியே நம் கையில் திரும்பி வரும்.

இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி வேறு பள்ளிகளின் நூலகர்களிடம் கற்றுக்கொண்டது. படிப்பில் வகைப்படுத்தலும் அட்டவணையாக்கமும் சொல்லிக் கொடுத்தார்கள். ஐந்து வயதுக் குழந்தையும் பதினெட்டு வயது மாணவனும் ஒரே கதவு வழியாக நுழைகிற, வீட்டில் பத்துப் பதினைந்து மொழி பேசுகிற பிள்ளைகள் வருகிற நூலகத்தை எப்படி நடத்துவது என்று எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

பன்னாட்டுப் பள்ளிகளுக்கென்று வட்டாரவாரியாகக் கூட்டமைப்புகள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அவை வெறும் சுருக்கப்பெயர்களின் குவியலாகத் தெரியும். கிழக்காசியாவுக்கு ஈர்கோஸ். மத்திய கிழக்குக்கும் தெற்காசியாவுக்கும் நேசா. ஐரோப்பாவில் 1965-இல் தொடங்கிய இசிஐஎஸ். ஆப்பிரிக்காவுக்குத் தனியாக ஒன்று. இவையெல்லாம் பள்ளிகளின் கூட்டமைப்புகள். இவற்றின் மாநாடுகளில் முதல்வர்களும் பாட ஆசிரியர்களும்தான் கூட்டம். நூலகர்களுக்கு ஓரத்தில் ஓர் அறை, சில அமர்வுகள். நூலகர்களுக்கென்றே இருப்பது சர்வதேசப் பள்ளி நூலகத்துவச் சங்கம். 1971-இல் ஜமைக்காவில் தொடங்கியது. அக்டோபரைப் பள்ளி நூலக மாதமாகக் கொண்டாடி, வெவ்வேறு நாட்டுப் பள்ளிகளை ஜோடி சேர்த்து, பிள்ளைகள் கையால் செய்த புத்தகக்குறிகளைப் பரிமாறிக்கொள்ள வைப்பவர்கள் இவர்கள்தான். அந்த உறை பிரிக்கப்படும் நாளில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் போடும் சத்தத்தை நூலகத்தில் அடக்கவே முடியாது.

1999-இல் நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான இஃப்லாவும் யுனெஸ்கோவும் வெளியிட்ட பள்ளி நூலக அறிக்கை, உள்ளூர், வட்டார, தேசிய நூலக வலையமைப்பில் பள்ளி நூலகம் இன்றியமையாத பங்காளி என்கிறது. நல்ல வாசகம். நிர்வாகத்திடம் பயணப்படி கேட்கும் விண்ணப்பத்தில் மேற்கோள் காட்ட ரொம்பவே உதவும். ஆனால் உண்மையான வேலை நடப்பது இதற்கெல்லாம் கீழே, ஒரே நகரத்திலோ பக்கத்து நகரங்களிலோ இருக்கும் பத்திருபது நூலகர்கள் பருவத்துக்கு ஒரு முறை ஏதோ ஒரு பள்ளியின் நூலகத்தில் கூடும் இடத்தில். தலைவர் என்று ஒருவர் பெயருக்கு இருப்பார். நிதி கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு கூகுள் ஷீட். அவ்வளவுதான் மொத்த அமைப்பும்.

இந்தக் குழுக்கள் சேர்ந்து செய்வதில் எனக்கு மிகவும் பிடித்தது மாணவர் வாக்களிக்கும் புத்தக விருதுகள். ஜப்பானில் சகுரா மெடல், சிங்கப்பூரில் ரெட் டாட், சீனாவில் பாண்டா என்று அந்தந்த வட்டாரத்துப் பன்னாட்டுப் பள்ளி நூலகர்களே நடத்துகிறார்கள். வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கைக்கடக்கமான பட்டியல். எல்லாப் பள்ளிகளும் அதே புத்தகங்களை வாங்க வேண்டும், பிள்ளைகள் படித்து வாக்களிக்க வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். அந்தப் பட்டியல் தயாராகும் கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்! நன்றாக எழுதப்பட்ட புத்தகம் என்பது ஆரம்பத் தகுதி மட்டும்தான். மெல்லட்டைப் பதிப்பு வந்துவிட்டதா? ஒரே சமயத்தில் இத்தனை பள்ளிகள் ஆர்டர் போட்டால் விற்பனையாளரால் தர முடியுமா? நான்கு புத்தகங்களில் கதாநாயகன் அமெரிக்கப் புறநகர்ப் பையனாகவே இருக்கிறானே, போதாதா? ஆங்கிலம் இன்னும் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்தப் பட்டியலில் எது? ஒருவர் உயிரைக் கொடுத்து வாதாடும் புத்தகத்தை இன்னொருவர், "எங்கள் பெற்றோர் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள்" என்று ஒரே வரியில் சாய்த்துவிடுவார். அப்படிச் சாய்ந்த புத்தகங்களை நான் தனியாகக் குறித்துக்கொண்டு வந்து வாங்குவதுண்டு. பட்டியலில் இடம் பிடித்தவற்றைவிட அவை அதிகம் சுற்றுக்குப் போவதும் உண்டு.

விருதின் பலன் வாக்கு எண்ணிக்கையில் இல்லை. கால்பந்துப் போட்டிக்குப் போன இடத்தில் எதிரணிப் பையனும் அதே புத்தகத்தைப் படித்திருக்கிறான் என்று தெரிந்தால், அதற்கப்புறம் அந்தப் புத்தகத்துக்கு நான் விளம்பரமே செய்ய வேண்டாம். இன்னொரு விஷயமும் அந்தப் போட்டிகளால் நடக்கிறது. பள்ளிகளுக்கிடையே புத்தகம் இரவல் போவதே விளையாட்டு அணிகளின் பேருந்தில்தான். பந்து மூட்டைக்குப் பக்கத்தில் துணிப்பையில் நாலு புத்தகம், மேலே வாங்குபவர் பெயர் எழுதிய சீட்டு. கூரியர் செலவில்லை, படிவமில்லை. உடற்கல்வி ஆசிரியரின் நல்லெண்ணம் மட்டும் வேண்டும்.

அட்டவணை விஷயத்தில்தான் இந்த வலையமைப்பின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது. புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி தசம முறை 1876-இல் வந்தது. அதில் 810 அமெரிக்க இலக்கியம், 820 ஆங்கில இலக்கியம், பிறகு ஜெர்மன், பிரெஞ்சு என்று ஐரோப்பிய மொழிகளுக்கு ஆளுக்குப் பத்து எண். லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும்கூட உண்டு. மிச்சமுள்ள உலகம் முழுக்க 890-க்குள். சீனம் 895.1, ஜப்பானியம் 895.6, கொரியம் 895.7, இந்தி 891.43, தமிழ் 894.811. ஆங்கிலம் அதிகமுள்ள நூலகத்தில் இது யாருக்கும் உறுத்தாது. தாய்மொழிப் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்ததும் முதுகுச் சீட்டில் எண் நீண்டுகொண்டே போய் எழுத்து கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும். ஆறு வயதுக் கொரியக் குழந்தை அதைப் படித்தா தன் புத்தகத்தைக் கண்டுபிடிக்கும்? குழுவில் கேட்டேன். ஆளுக்கொரு பதில் வந்தது. ஒருவர் மொழிக்கொரு நிறப்பட்டை ஒட்டுகிறார். இன்னொருவர் எண்ணையே விட்டுவிட்டு மொழி, அதற்குள் வயது என்று அடுக்குகிறார். மூன்றாமவர், "எல்லாம் சரி, ஆனால் தனியாக வைத்தால் அந்தப் பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் அந்தப் பக்கமே போவதில்லை" என்று எச்சரித்தார். மூன்றையும் கேட்டுவிட்டு, படப் புத்தகங்களை மட்டும் மொழி பார்க்காமல் ஒன்றாகக் கலந்து வைத்தேன், மற்றவற்றுக்கு நிறப்பட்டை. இப்போதைக்கு ஓடுகிறது.

புத்தக விவரங்களை நூலக அட்டவணையில் பதிவு போடுவது அதைவிடப் பெரிய தலைவலி. எனக்குக் கொரிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஜப்பானியப் புத்தகத்தில் எது ஆசிரியர் பெயர், எது பதிப்பகம் என்று அட்டையை வைத்துக்கொண்டு விழிப்பேன். தமிழ்ப் புத்தகத்தோடு அதே முழி முழிக்கும் நூலகர்கள் வேறு பள்ளிகளில் இருந்தார்கள். அதனால் பேசிக்கொள்ளாமலே ஒரு பண்டமாற்று ஏற்பட்டது. தமிழ்ப் பதிவுகளை நான் போடுவேன்: மூல எழுத்தில் தலைப்பு, அதற்கு இணையாக ரோமன் எழுத்தில், ஆங்கிலத்தில் இரண்டு வரிச் சுருக்கம், எந்த வயதுக்கு என்ற குறிப்பு. கொரியம் தெரிந்தவர் கொரியப் பதிவுகளைப் போட்டுக் கோப்பாக அனுப்புவார். நூலக மென்பொருள்களுக்குப் பொதுவான மார்க் வடிவத்தில் இருப்பதால் அவரவர் மென்பொருளில் அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். சுருக்கம் எழுதுவதுதான் முக்கியம். மொழி தெரியாத நூலகர் ஒரு புத்தகத்தைத் தைரியமாகப் பிள்ளை கையில் கொடுக்க அந்த இரண்டு வரி போதும். "அக்கா, இதில் பேய் வருமா? பயப்படுகிற பிள்ளை கேட்கிறாள்" என்று தமிழ் பேசும் இளம் நூலகர் ஒருவர் வேறு பள்ளியிலிருந்து ஒரு முறை கேட்டார். அதிலிருந்து பேய் உண்டா இல்லையா என்பதையும் குறிப்பில் சேர்த்துவிடுகிறேன்.

எழுத்தாளர் வருகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு பள்ளி தனியாக அழைத்தால் விமானக் கட்டணமே பட்ஜெட்டை விழுங்கிவிடும். ஐந்து பள்ளிகள் சேர்ந்து அழைத்தால் பயணத்தையும் தங்குமிடத்தையும் பங்கு போட்டு, ஆளுக்கொரு நாள் வைத்துக்கொள்ளலாம். கஷ்டம் பணத்தில் இல்லை, தேதியில்தான். ஒரு பள்ளியில் தேர்வு, இன்னொன்றில் விளையாட்டு விழா, மூன்றாவதில் அந்த வாரமே விடுமுறை.

எல்லாவற்றையும் பகிர முடியாது என்பதும் உண்மை. ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) பாடத்திட்டத்தின் டிப்ளமா மாணவர்கள் 4000 சொற்களுக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அந்தப் பருவத்தில், "உங்களிடம் இந்தத் தரவுத்தளம் இருக்கிறதாமே, கடவுச்சொல் கிடைக்குமா?" என்று யாராவது தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். உரிமம் அந்தப் பள்ளிக்கு மட்டும்தான். கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. கூட்டாகப் போய்ச் சந்தா விலை பேசலாம். சில நிறுவனங்கள் இறங்கி வருகின்றன.

நிர்வாகங்களின் பார்வைதான் எனக்கு வருத்தம். மாணவர் சேர்க்கையில் பள்ளிகள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. நம் நூலகர் எதிர்ப் பள்ளிக்குப் போய் என்ன பேசுகிறார் என்ற சந்தேகம் சிலருக்கு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் குழுக் கூட்டத்துக்குப் போகும் நாளுக்குச் சொந்த விடுப்பு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அதே பள்ளி, அங்கீகாரக் குழு ஆய்வுக்கு வந்தபோது, வட்டார நூலகக் கூட்டுறவைப் பெருமையாக அறிக்கையில் சேர்த்துக்கொண்டது. இன்னொரு பக்கம், குழுவுக்குள்ளும் சமன் கிடையாது. பெரிய பள்ளிகள் கொடுத்துக்கொண்டே இருக்கும், சிறியவை வாங்கிக்கொண்டே இருக்கும். சிறிய பள்ளிக்காரர்கள் கூச்சப்பட்டுக் கேட்பதை நிறுத்திவிடுவதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. அவர்களிடம் பணம் இல்லாவிட்டாலும் மொழி இருக்கிறது, உள்ளூர்ப் பதிப்பகங்களின் தொடர்பு இருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் ஆள் மாறுவது. வெளிநாட்டிலிருந்து வரும் ஆசிரியர்களுக்குப் பல பள்ளிகளில் முதல் ஒப்பந்தம் இரண்டு வருடம்தான். குழுவை இழுத்துப் பிடித்து நடத்தும் ஒருவர் கிளம்பிவிட்டால் கூட்டமே நடக்காத பருவங்கள் உண்டு. அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கிளம்புகிறவர் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும்: எந்த விற்பனையாளர் தாமதம் செய்வார், எந்தப் பள்ளியில் கூட்டத்துக்கு இடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள், பொது ஷீட்டின் உரிமை யார் பெயரில் இருக்கிறது. கடைசியில் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். போனவரின் பள்ளி மின்னஞ்சல் கணக்கு மூடப்பட்டபோது அதிலிருந்த பட்டியல்களும் சேர்ந்து போன அனுபவம் எங்களுக்கு உண்டு.

இப்போது குழுவில் சூடாக ஓடுவது செயற்கை நுண்ணறிவு. சாட்ஜிபிடியைத் தடை செய்யப்போவதில்லை, பயன்படுத்தினால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று ஐபி 2023-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் மாணவர்கள் கொண்டுவரும் மேற்கோள் பட்டியல்களில், எங்குமே இல்லாத, செயற்கை நுண்ணறிவு புனைந்த ஆய்வுக் கட்டுரைகள் நுழைந்துவிடுகின்றன. ஆசிரியர் பெயர் நிஜம், இதழ் நிஜம், கட்டுரை மட்டும் பொய். இப்படி மாட்டிய மேற்கோள்களைப் பிள்ளைகளின் பெயரை நீக்கிவிட்டு ஒரே ஷீட்டில் சேர்த்துவருகிறோம். அதை வைத்து ஒரு வகுப்புப் பயிற்சி தயாரிப்பதாகப் பேச்சு: பத்து மேற்கோளில் எது பொய் என்று மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும். எந்த வகுப்பிலிருந்து தொடங்குவது என்பதில்தான் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒன்பதாம் வகுப்பு என்கிறார்கள் பாதிப் பேர். நான் ஆறாம் வகுப்புக் கட்சி.