பழைய பெட்டிக்குள் இருப்பது எந்தக் கிளாரினெட்?

மகளுக்குப் பழைய கிளாரினெட் ஒன்று பார்க்கலாமா என்று கேட்டபோது அவளுடைய ஆசிரியர் மூன்றே விஷயம் சொன்னார். பி ஃபிளாட் என்ற வழக்கமான வகையாக இருக்க வேண்டும், கீக்களும் வளையங்களும் போயம் சிஸ்டம் என்ற முறையில் அமைந்திருக்க வேண்டும், இன்றைய சுருதிக்குச் சேர வேண்டும். பிராண்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அதெல்லாம் சரியா இருந்தா வாங்காம எங்கிட்ட கொண்டு வந்து காட்டுங்க சார், பேர் என்னவா இருந்தாலும் பரவாயில்ல" என்றார். அப்போது அது கொஞ்சம் அலட்சியமாகப் பட்டது. பெட்டிகளைத் திறந்து பார்க்கத் தொடங்கியதும்தான் அந்த மூன்றிலேயே பாதிக்கு மேல் கழிந்துவிடும் என்று புரிந்தது.

விற்பவர்களில் பலர் வாசிப்பவர்கள் அல்ல. வீட்டில் யாரோ வாசித்தது, வெகுநாளாக மூடியே கிடக்கிறது, பெல்லில், அதாவது விரிந்த அடிப்பகுதியில், ஏதோ பெயர் பொறித்திருக்கிறது. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். அந்தப் பெயரை வைத்தும் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு பட்டறையில் செய்த வாத்தியத்தில் வேறொரு கடையின் பெயரைப் பொறித்து விற்பது அந்தக் காலத்தில் சகஜம். பெரிய நிறுவனங்களுக்குள்ளேயும் படிகள் உண்டு. செல்மர் என்ற பெயரின் கீழ் பாரிசில் செய்த தொழில்முறை வாத்தியமும் உண்டு, அமெரிக்கப் பள்ளிகளுக்காகச் செய்த பண்டியும் உண்டு. பூசி அண்ட் ஹாக்ஸில் ரீஜென்ட், எட்ஜ்வேர் எல்லாம் மாணவர்களுக்கானவை. அவர்களுடைய 1010 பெரிய கலைஞர்கள் வாசித்த வாத்தியம்தான். ஆனால் அதன் உள்துளை அகலமானது, சுமார் 15.2 மி.மீ. அதற்கென்று செய்த மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் முனை) இல்லாமல் சுருதி சேராது. படிக்கிற பிள்ளைக்கு அந்தத் தொல்லை எதற்கு?

சிஸ்டத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். வலது கைச் சுண்டுவிரல் விழும் இடத்தில் நான்கு கீ, இடது சுண்டுவிரலுக்கு மூன்று, மொத்தம் 17 கீ, விரல் துளைகளைச் சுற்றி 6 வளையம் என்று இருந்தால் வழக்கமான போயம். சுண்டுவிரலுக்கு இரண்டிரண்டு கீ மட்டும் இருந்து, அவற்றில் சின்னச் சின்ன உருளைகளும் இருந்தால் அது பெரும்பாலும் ஆல்பர்ட் போன்ற பழைய அமைப்பு. ஆல்பர்ட் மட்டம் என்று சொல்ல மாட்டேன், அதையே விரும்பி வாசிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் விரல் பிடிப்பு வேறு. ஆசிரியர் ஒன்று சொல்ல, வாத்தியம் இன்னொன்று சொல்லும். (போயம் என்பவர் புல்லாங்குழலைத் திருத்தியமைத்தவர். அவருடைய வளைய யோசனையை எடுத்துக் கிளாரினெட்டுக்குப் பொருத்தியவர்கள் குளோசேயும் பூஃபேயும். காப்புரிமை வாங்கியது 1844இல். பெயர் என்னவோ போயமுக்குப் போய்விட்டது!)

சுருதிதான் உண்மையான பொறி. பார்த்தவற்றிலேயே அழகானது ஒரு மரக் கிளாரினெட். போயம் சிஸ்டம், ஒரு கீறல் இல்லை, கீ எல்லாம் பளபளவென்று இருந்தன. மேல் பகுதியின் பின்பக்கம் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தபோது தேய்ந்துபோன இரண்டு எழுத்து தெரிந்தது: எச்.பி. அதாவது ஹை பிட்ச். ஏ ஸ்வரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு என்பது 1939இல் லண்டன் மாநாட்டில்தான் பொதுச் சுருதியாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்கு முன் பிரிட்டனில் 452 போன்ற உயர்ந்த சுருதியிலும் வாத்தியங்கள் செய்தார்கள். 440க்கும் 452க்கும் இடையே கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதி வித்தியாசம். எல்.பி., அதாவது லோ பிட்ச், என்று இருந்தால் நிம்மதி. இரண்டுமே இல்லாத வாத்தியங்களும் ஏராளம் என்பதால் அளவு நாடாவும் சுருதி காட்டும் டியூனரும் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

மவுத்பீஸைக் கழற்றிவிட்டு, அதற்கு அடுத்துள்ள பேரல் என்ற குட்டைக் குழாயின் மேல்விளிம்பிலிருந்து பெல்லின் அடிவரை அளந்தால், இன்றைய பி ஃபிளாட் ஏறத்தாழ 60 செ.மீ. வரும். ஹை பிட்ச் அதைவிட இரண்டு மூன்று செ.மீ. குட்டை. அந்த அழகான வாத்தியமும் அப்படித்தான் குட்டையாக இருந்தது. பி ஃபிளாட் கிளாரினெட்டின் ஸ்வரங்கள் அவற்றின் பெயரைவிட ஒரு ஸ்வரம் கீழே ஒலிக்கும் என்பதால், எந்தத் துளையையும் மூடாமல் ஊதும் ஜி, டியூனரில் எஃப் என்று காட்ட வேண்டும். முள் எஃப்பைத் தாண்டி மேலே போய் நின்றது. "பேரலக் கொஞ்சம் வெளிய இழுத்துக்கலாமே" என்றார் விற்றவர். இழுக்கலாம். ஆனால் அப்படி இழுத்தால் பேரலுக்குப் பக்கத்தில் உள்ள துளைகளின் ஸ்வரம் நிறையவும், தூரத்துத் துளைகளின் ஸ்வரம் கொஞ்சமும் இறங்கும். கொஞ்சம் இழுப்பதற்கென்றுதான் அந்த இணைப்பே இருக்கிறது. இத்தனை தூரம் இழுத்தால் ஸ்வரங்களுக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. மனசில்லாமல்தான் திருப்பிக் கொடுத்தேன்.

அதே டியூனர் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. ஜி ஊதினால் இ வந்தது. அது ஏ கிளாரினெட், பி ஃபிளாட்டைவிட அரை ஸ்வரம் தாழ்ந்த வகை. இசைக்குழுக்காரர்கள் பி ஃபிளாட்டையும் ஏயையும் ஜோடியாக வைத்திருப்பார்கள். ஜோடி பிரிந்து ஒன்று மட்டும் விற்பனைக்கு வரும்போது பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, சற்று நீளம் அவ்வளவுதான்.

கடைசியில் தேறியது நோப்ளே என்ற பிராண்டின் ஒரு மரக் கிளாரினெட். மங்கிப்போன கீ, பூஞ்சை நாற்றமடிக்கும் பெட்டி. மேல் பகுதியிலும் கீழ்ப் பகுதியிலும் ஒரே வரிசை எண் இருந்தது. எண் வேறுபட்டால் இரண்டு வாத்தியங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். விரிசல் தேடுவதில் மட்டும் அவசரப்படவில்லை. விரிசல் விழுவது அநேகமாக மேல் பகுதியில்தான், அதிலும் ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி ஊத உதவும் டிரில் கீக்களின் துளைகளைச் சுற்றி. மர ரேகையும் விரிசலும் ஒரே திசையில் ஓடுவதால் கண் ஏமாறும். நகத்தை வைத்து இழுத்தால் விரிசலில் மாட்டும். துளையின் விளிம்பை வெட்டிக்கொண்டு போகிறதா, உள்ளே வரை இறங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். குறுக்கே உலோக ஊசி இறக்கி ஒழுங்காக அடைத்த பழைய விரிசலுக்குப் பயப்பட வேண்டாம் என்று ரிப்பேர்காரர் சொன்னார். மெழுகால் மறைத்த விரிசலுக்குத்தான் பயப்பட வேண்டும்.

பிறகு காற்றுச் சோதனை. மேல் பகுதியை மட்டும் எடுத்து, துளைகளை விரலால் மூடி, அடியை உள்ளங்கையால் அடைத்து, மேலிருந்து உறிஞ்ச வேண்டும். கீக்களின் அடியில் துளைகளை மூடும் மெத்தைகளான பேட் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்தால் உறிஞ்சிய இழுவிசை சில விநாடி நிற்கும். இதில் நிற்கவே இல்லை. பேட்களின் மெல்லிய தோல் கிழிந்திருந்தது, இரண்டு பகுதிகளின் கீக்களை இணைக்கும் பாலத்தில் கார்க் இல்லை. ஆனாலும் வாங்கினேன். பேட், கார்க், ஸ்பிரிங் எல்லாம் மாற்றக்கூடியவை. ஆனால் மொத்தமாக மாற்றும் கூலி வாத்தியத்தின் விலையையே தாண்டிவிடலாம் என்பதால், பணம் கொடுக்குமுன் கூலியைக் கேட்டு விலையில் பேசிக்கொண்டேன். மலிவான வார்ப்புக் கீக்களாக இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன். அவை வளையாது, உடையும், ஒட்டவைப்பதும் பாடு.

சின்னப் பிள்ளைக்கு வாங்குபவர்கள் பிளாஸ்டிக்கைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் உள்ள பிளாஸ்டிக் யமஹாவோ வீட்டோவோ விரிசல் கவலையே தராது. வயலினைப் போல வயதானால் மதிப்பு கூடும் பொருளும் இல்லை கிளாரினெட்.

கூடவே வந்த மவுத்பீஸின் நுனி சிதைந்திருந்தது; புதிதாக ஒன்றும் அதில் பொருத்தும் மெல்லிய நாணல் பட்டையான ரீடில் 2ஆம் எண்ணும் வாங்கிக்கொண்டோம். ரிப்பேர் முடிந்து வந்ததும் ஆசிரியர் தொண்டைப் பகுதி பி ஃபிளாட்டிலிருந்து அடுத்த பி ஸ்வரத்துக்குத் திரும்பத் திரும்பத் தாவி ஊதிப் பார்த்துத் தலையசைத்தார். பல வருடம் காய்ந்த மரம் திடீரென்று ஈரம் கண்டால் வெடிக்கக்கூடும் என்பதால், ஆரம்பத்தில் நாளுக்குப் பத்து நிமிடம் மட்டும், ஊதி முடித்ததும் உள்ளே துணி இழுத்துத் துடைக்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுகிறோம். மீதி நேரத்துக்குப் பள்ளியின் பிளாஸ்டிக் வாத்தியத்தையே ஊதுகிறாள், முணுமுணுத்துக்கொண்டே.