கடலோரக் காவல் த்ரில்லரா? முதலில் நிமிடக் கணக்கு

கடலோரப் பாதுகாப்பை வைத்து ராணுவக் கதை எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். ரேடார் திரையில் புள்ளி தெரியும்; அடுத்த பத்தியிலேயே ஏவுகணை பறந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நிமிடங்களில்தான் கதையே இருக்கிறது.

அது எத்தனை நிமிடம் என்று தெரிய ஒரு சின்னக் கணக்கு. ஆன்டெனாவின் உயரம் மீட்டரில், அதன் வர்க்கமூலம். எதிரே வருவதன் உயரத்துக்கும் அப்படியே. இரண்டையும் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் ரேடார் எத்தனை கிலோமீட்டர் பார்க்கும் என்று வரும். ஆன்டெனா 25 மீட்டரில், விரைவுப் படகு ஒரு மீட்டர் உயரம் என்றால் சுமார் 25 கி.மீ. 40 நாட் வேகம் என்பது நிமிடத்துக்கு 1.2 கி.மீ. ஆகக் கையில் 20 நிமிடம்.

அதுவும் காகிதத்தில்தான். ஃபைபர் படகு எதிரொலியைக் கொஞ்சமாகத்தான் திருப்பி அனுப்பும். கடல் கொந்தளித்தால் அலைகளே திரையில் புள்ளிபுள்ளியாக அப்பிக்கொள்ளும். அந்தக் குப்பையைக் குறைக்க ஆபரேட்டர் குமிழைத் திருப்புவார். கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினால் படகும் சேர்ந்து காணாமல் போகும். (இந்தக் குமிழை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதலாம்.) அது படகுதான் என்று 12 கி.மீ.யில்தான் உறுதியானது என்றால் மிச்சம் 10 நிமிடம். கடல்மட்டத்துக்கு 5 மீட்டர் மேலே நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வரும் ஏவுகணை என்றால், அதே ரேடாருக்கு 100 நொடி.

அடுத்தது, வருவது யார் என்ற கேள்வி. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஏஐஎஸ் கருவியில் பெயரையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்பியாக வேண்டும். சின்னப் படகுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெரிய கப்பலும் கருவியை அணைத்துவிடலாம், பொய்யான இடத்தையும் சொல்லலாம். ரேடாரில் தெரிந்தும் ஏஐஎஸ்ஸில் இல்லாத புள்ளி எதிரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, மீனவராகவும் இருக்கலாம். கப்பல்களைக் கூப்பிடுவதற்கான பொது ரேடியோ அலைவரிசையான விஎச்எஃப் 16ஆம் சேனலில் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், பதில் இல்லை. விளக்கடிக்கிறார்கள், திரும்பவில்லை. ஒவ்வொரு படியும் ஒரு நிமிடத்தைத் தின்னும். ஏவுகணை 300 கி.மீ. பாயும் என்று எழுதினால், அவ்வளவு தூரத்தில் இலக்கைப் பார்த்துச் சொன்னது யார் என்பதையும் எழுதுங்கள். கரையிலிருக்கும் ரேடாருக்கு அது தெரியாது.

தலைமைக்கும் விசுவாசத்துக்கும் வசனம் தேடுகிறவர்கள் 1940 ஏப்ரல் 9 விடியற்காலையில் நார்வேயின் ஆஸ்கார்ஸ்போர்க் கோட்டையைப் பார்க்கலாம். ஆஸ்லோவுக்குப் போகும் குறுகலான நீர்வழி. இருட்டில் வரும் பெரிய கப்பல் எந்த நாட்டுடையது என்று தளபதி பிர்கர் எரிக்சனுக்கு உறுதியாகத் தெரியாது. முதலில் எச்சரிக்கைக் குண்டு போட வேண்டும் என்பது விதி. அவரிடம் இருந்தவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் 28 செ.மீ. க்ரூப் பீரங்கிகள் மூன்று. மறுபடி குண்டேற்றுவதற்குள் கப்பல் கடந்துவிடும், ஆகவே ஒரு பீரங்கிக்கு ஒரே குண்டு. அதை எச்சரிக்கையாக வீணாக்கினால் அடுத்தது கிடையாது. வெளிப்புறக் கோட்டைகள் ஏற்கெனவே சுட்டிருந்தன, அந்த எச்சரிக்கையே போதும் என்று முடிவெடுத்தார். பதக்கமோ ராணுவ நீதிமன்றமோ, இரண்டில் ஒன்று என்று தெரிந்தே 4.21க்குச் சுடச் சொன்னார்.

குண்டேற்றிய கைகளைப் பாருங்கள். பெரும்பாலோர் வந்து சில நாளே ஆன புதுப் பையன்கள். பயிற்சி பெற்றவர்கள் ஒரு பீரங்கிக்குத்தான் தேறினார்கள். அவர்களை இரண்டாகப் பிரித்து, சமையல்காரர்கள் உட்பட அகப்பட்டவர்களை வைத்து நிரப்பினார்கள். டார்பிடோ நிலையத்தின் அதிகாரி நோயில் கிடந்ததால், ஓய்வுபெற்ற ஆண்ட்ரியாஸ் ஆண்டர்சனுக்கு ஆளனுப்பினார்கள், வந்தார். சுமார் நாற்பது வருஷப் பழைய டார்பிடோக்கள், வேலை செய்யுமா என்பதே சந்தேகம். இரண்டு குண்டும் பட்டன, டார்பிடோக்களும் பட்டன. வந்தது ‘ப்ளூஷர்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பல்; சில மணி நேரத்தில் மூழ்கியது. கிடைத்த அவகாசத்தில் மன்னரும் அரசாங்கமும் ஆஸ்லோவை விட்டு வெளியேறினார்கள்.

மூன்றாவது பீரங்கி சுடவே இல்லை. அதற்கு ஆள் இல்லை.