‘வாறேன்’னு சொல்லிட்டுப் போன மாமன்

போன மாசம் மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு கல்யாண வீடு. செண்டை மேளம் அடிக்க ஆரம்பிச்சதும் எனக்க மருமவன், தங்கச்சி பையன், ஏழு வயசு, ஆட்டிசம் உள்ள பய (மூளை வேற மாதிரி ஓடும்), ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு மண்டபத்துக்கு வெளிய ஓடிட்டான், நானும் பின்னாலயே ஓடுனேன், போய் பாத்தா வண்டி நிறுத்துற எடத்துல நின்னு ஒவ்வொரு நம்பரா வாசிச்சிட்டு இருக்கான். டிஎன் 74, டிஎன் 75, நடுவுல கேஎல் 19 ஒண்ணு வந்ததும் "பாறசாலை"ன்னு அவனே சொல்லிக்கிட்டான். அங்க அவனுக்கு ஒரு கொறையும் இல்ல.

கொறையெல்லாம் உள்ள பந்தியிலதான். தங்கச்சிய சுத்தி நாலு பெரியம்மாமாரு. "மாசமா இருக்கும்போ கிரகணத்துல வெளிய எறங்குனியா மக்ளே?" "ஊசி போட்டாத்தான் இப்படி ஆவும்னு வாட்ஸப்புல வந்துச்சே." "நீ வேலைக்குப் போயி பிள்ளைய செல்போன் கையில குடுத்துட்டல்லா." அவ பாதியில எலைய மடக்கிட்டு எந்திரிச்சிட்டா. மச்சான்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல, அவரு பாட்டுக்கு பாயசத்துல மட்டிப்பழத்த பெசஞ்சிட்டு இருந்தாரு. அன்னைக்கு வந்த கோவம் இன்னும் போவல, அதான் எழுதுறேன்.

தாய் மேல பழி போடுறத நம்ம ஊரு பெரியம்மாமாரு மட்டும் செய்யல, படிச்ச டாக்டர்மாரே செஞ்சிருக்காங்க. 1943ல அமெரிக்காவுல லியோ கானர்ங்கிற டாக்டர் 11 பிள்ளைகள பத்தி எழுதுன கட்டுரையிலதான் ஆட்டிசம் தனியா அடையாளம் தெரிஞ்சுது. இது பொறவியிலயே உள்ளதுன்னு அவரே சொன்னாரு, ஆனா அந்த பெத்தவங்கள்ல பாசமுள்ளவங்க ரொம்பக் கொஞ்சம்ங்கிற மாதிரியும் சேத்து எழுதி வச்சிட்டாரு. அது வளந்து, தாய் பிரிட்ஜ் மாதிரி சில்லுன்னு இருந்ததாலதான் பிள்ளை இப்படின்னு ஒரு கொள்கையாவே ஆகி எத்தன தாய்மார வதைச்சுதோ. 1964ல பெர்னார்ட் ரிம்லாண்டு, அவரு பையனுக்கும் ஆட்டிசம் உண்டு, இது உடம்புல மூளையில உள்ள சமாச்சாரம்னு புஸ்தகமே போட்டு மறுத்தாரு. 1977ல இரட்டைப் பிள்ளைகள வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரே கருவுல இருந்து பிரிஞ்ச 11 ஜோடியில 4 ஜோடிக்கு ரெண்டு பேருக்குமே ஆட்டிசம், தனித்தனி கருவா வந்த 10 ஜோடியில ஒண்ணுல கூட அப்படி இல்ல. அப்போ ஜீன்ல கெடக்குன்னுதான அர்த்தம்? அதுவும் ஒரு ஜீன் இல்ல, நூத்துக்கணக்குல உண்டு, சிலது பெத்தவங்க வழியா வரும், சிலது பிள்ளைகிட்டயே புதுசா உண்டாகும். குறைமாசத்துல பொறக்குறதும் வாய்ப்ப கூட்டும், மாசமா இருக்கும்போ வலிப்புக்கு எடுக்குற வால்ப்ரோயேட் மாத்திரையும் கூட்டும் (அதுக்காக டாக்டர கேக்காம யாரும் நிறுத்திராதீங்க), அப்பனுக்க வயசு கூடுனாலும் கொஞ்சம் கூடும். மச்சானுக்கு கல்யாணத்தப்பவே 38. சும்மா சொல்லி வைக்கேன்.

ஊசி கதை, அதாவது தட்டம்மைக்குப் போடுற எம்எம்ஆர் தடுப்பூசி கதை, 1998ல லண்டன்ல 12 பிள்ளைகள வச்சு எழுதுன ஒரு கட்டுரையில இருந்து வந்தது. 2010ல லான்செட் பத்திரிகையே அத வாபஸ் வாங்கிட்டு, எழுதுனவருக்கு டாக்டர் பதிவும் போச்சு. டென்மார்க்ல ஆறரை லட்சம் பிள்ளைகள பாத்து 2019ல சொன்னாங்க, ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு. கிரகணத்த பத்தி நான் என்ன சொல்ல.

தமிழ்ல இதுக்கு ‘மன இறுக்கம்’னு ஒரு பேரு வச்சிருக்காங்க, எனக்கு அது புடிக்கவே இல்ல. அவன் மனசு ஒண்ணும் இறுகல, வேற மாதிரி ஓடுது. 1985ல செஞ்ச ஒரு பரிசோதனைய வீட்டுல செஞ்சு பாத்தேன். எங்க அம்மை கண்ணு முன்னால முந்திரிக்கொத்த டப்பாவுல வச்சேன், அம்மை அடுக்களைக்குப் போனதும் எடுத்து அலமாரிக்குள்ள மாத்தி வச்சேன். "ஆச்சி வந்து எங்க தேடுவா?" "அலமாரியில." ஆச்சிக்கு அது தெரியாதுங்கிறது அவனுக்குத் தோணல. அந்த ஆய்வுலயும் ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகள்ல 16 பேரு இப்படித்தான் சொன்னாங்க. அடுத்தவங்களுக்க மனசுல என்ன ஓடுதுன்னு ஊகிக்கிறது அவங்களுக்கு கஷ்டம். அதே பய அந்த அலமாரியில ஒரு ஸ்குரூ மாத்திப் போட்டுருக்குன்னு சொன்னான், நாங்க பத்து வருசமா அத பாத்ததே இல்ல. மொத்தமா பாக்குறத விட துண்டு துண்டா பாக்குற மூளைன்னு உட்டா ஃபிரித்னு ஒரு ஆராய்ச்சியாளர் சொல்லுறாங்க. 2012ல டேமியன் மில்டன், அவரே ஆட்டிசம் உள்ளவரு, வேற ஒண்ணு கேட்டாரு, அவங்களுக்கு நம்மள புரியல சரி, நமக்கு அவங்கள புரியுதா?

எனக்குப் புரியல. ரெண்டு வருசம் முன்ன ஒரு சாயங்காலம் தங்கச்சி வீட்டுல இருந்து கெளம்பும்போ "வாறேன் மக்ளே"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு தங்கச்சி போன். "அண்ணே, நீ என்ன சொன்ன அவன்கிட்ட? கேட்ட புடிச்சிட்டு நிக்கான், மழை வேற தூறுது, உள்ள வரமாட்டேங்கான்." நான் திரும்ப வண்டிய எடுத்துட்டுப் போனேன். முட்டி வரைக்கும் நனைஞ்சு நிக்கான், என்னைய பாத்ததும் பேசாம உள்ள போயிட்டான்.

இப்போ கெளம்பும்போ "போறேன் மக்ளே, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வருவேன்"னு சொல்லுவேன். அம்மை கூட இருந்தா, "போறேன்னு சொல்லாதல, அச்சானியமா"ன்னு திண்ணையில இருந்து ஏசுவா. அவன் "சரி மாமா"ன்னு சொல்லிட்டு உள்ள போயிருவான்.