சுவர் கேட்ட மரம்

சிறு சில்லுகளை ஒட்டிப் படம் செய்யும் மொசைக் என்றதும் பலரும் நிறத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். பொது இடத்தில் நிற்கும் ஒரு பெரிய சுவரை எங்கள் குழு செய்து முடித்த பிறகு, என் நினைவில் அதிகம் தங்கியிருப்பவை இடைவெளிகள். சில்லுக்கும் சில்லுக்கும் நடுவே ஓடும் மெல்லிய கோடுகளைப் பிடித்துக்கொண்டுதான் சாலையில் போகிறவரின் கண் படத்தைப் படிக்கிறது.

சாரம் கட்டும் முன்பே மேஸ்திரி சுத்தியல் பிடியால் சுவரைச் சாண் சாணாகத் தட்டிப் பார்த்தார். பொள்ளலாகச் சத்தம் வந்த இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டார். "இதையெல்லாம் கொத்திட்டுப் புதுசா பூசணும்மா. பூச்சு கழன்டா உங்க படமும் சேர்ந்துதான் கீழே வரும்" என்றார். அப்படியே செய்தோம். பின்பக்கம் மண் அணைத்திருந்த பகுதியில் ஈரம் ஏறாதபடி தடுப்புப் பூச்சும் போட்டோம். இல்லாவிட்டால் சிமெண்டின் உப்பு நீரோடு வெளியே வந்து, இடுக்குகளில் வெள்ளையாகப் பூத்துவிடும்.

அப்புறம்தான் பெரிய விவாதம். சுவர் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். அதற்கு இடம் தர, வெளிச்சுவரில் ஏறக்குறைய 2.5 முதல் 3.5 மீட்டருக்கு ஒரு எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், அதாவது விரிவதற்கான இடைவெளி, விட வேண்டும். சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஜாயின்ட்டின் குறுக்கே சில்லு ஒட்டவே கூடாது. அங்கே, சில்லுகளின் இடுக்கை நிரப்பும் கலவையான கிரவுட்டுக்குப் பதில், ரப்பர்போல் இழுபடும் சீலன்ட் போக வேண்டும். எங்கள் வரைபடத்தில் அப்படி ஒரு கோடு, பெண்ணின் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை பிளந்தது. மேலேயே ஒட்டி மறைத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். மறைத்தால் விரிசல் தானே வழி தேடிக்கொள்ளும், அதுவும் கோணல்மாணலாக. கடைசியில் முகத்தை நகர்த்திவிட்டு, கோடு விழுந்த இடத்தில் ஒரு மரத்தை வரைந்தோம். ஜாயின்ட்டே அடிமரத்தின் ஓரமாக நின்றது. அந்தப் படத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான். மேஜையில் உட்கார்ந்து யோசித்திருந்தால் அந்த மரம் எங்களுக்குத் தோன்றியே இருக்காது.

நீரை 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாத போர்சலின் ஓடும் கண்ணாடிச் சில்லும் மட்டுமே எடுத்தோம். வீட்டுக்குள் ஒட்டும் சுவர் டைல்ஸ் பெரும்பாலும் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் இடத்துக்கு அது சரிப்படாது.

மெக்சிகோ நகரத்துப் பல்கலைக்கழகத்தின் மத்திய நூலகத்துக்கு, ஓவியரும் கட்டடக் கலைஞருமான ஹுவான் ஓ'கோர்மன் 1950களின் தொடக்கத்தில் சுமார் 4,000 சதுர மீட்டர் மொசைக் செய்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து எடுத்த இயற்கைக் கற்களைத்தான் அவர் நம்பினார். நீலம் மட்டும் கல்லில் அமையாததால் நிறக் கண்ணாடியை நாடினார். அந்த நீலத் தேடல் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஒரே நீலத்தில் நிரப்பிய வானம், தூரத்திலிருந்து பெயின்ட் அடித்ததுபோல் தட்டையாகத் தெரியும். நாலைந்து நீலங்களைக் கலந்து, சில்லுகளைக் காற்றின் போக்கில் வரிசையாக ஓடவிட்டால்தான் வானம் அசையும்.

சில்லுகளைக் கொட்டகையில் கண்ணாடியிழை வலைமேல் பலகை பலகையாக ஒட்டி, எண் போட்டு, சுவருக்குக் கொண்டுபோனோம். உச்சி வெயிலில் பதிக்கவில்லை. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, நீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது; சூடான சுவர் அந்த நீரைக் குடித்துவிட்டால் பிடிமானம் போச்சு. கிரவுட் நிறத்தை முடிவு செய்ய, மாதிரிப் பலகைகளைச் சாரத்தில் தொங்கவிட்டுச் சாலையின் எதிர்ப்புறம் நின்று பார்த்தோம். வெள்ளை கிரவுட்டில் அடர் நிறங்களெல்லாம் சோர்ந்துபோயின. நடுத்தரச் சாம்பலில் ஒவ்வொன்றும் தன் இடத்தில் உட்கார்ந்தது.

குழந்தைகள் கைவைக்கும் உயரம்வரை ஒவ்வொரு ஓரத்தையும் தேய்த்து மழுங்கடித்தோம். மீதமான சில்லுகளை நிறவாரியாகப் பெட்டியில் போட்டு, எண்ணிட்ட வரைபடத்தின் நகலோடு, சுவரைப் பராமரிக்கப் போகிறவர்களிடம் கொடுத்தோம். என்றாவது ஒரு சில்லு விழுந்தால், அதே நிறம் அவர்கள் கையில் இருக்கும்.